கேரம் கை, பூல் டேபிள்: ஒயிட் நிக்கல, கட் திக்கா போகுது, கூடவே ரெண்டு ரூல் சந்தேகம்

வியாசை ஸ்ட்ரைக்கர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கிளப் லெவல்ல கேரம் ஆடுறேன். இப்போ 9-பால் (1-ல இருந்து 9 வரை எண் போட்ட பாலை வெச்சு ஆடுற பூல்) டோர்னமென்ட் ஒண்ணுக்குப் பேர் குடுத்திருக்கேன். 9 அடி டேபிள், ரேஸ் டு 5 (முதல்ல 5 ரேக், அதாவது 5 ஆட்டம், எடுக்கிறவர் ஜெயிச்சவர்). பழகுற டேபிள் ராயபுரத்துல, கடல் பக்கம். ஆள் வந்தாத்தான் ஏசி போடுவாங்க.

பால் பாக்கெட் போறதுல பெருசா குறை இல்ல. ஒயிட்தான் (க்யூ குச்சியால அடிக்கிற வெள்ளைப் பால்) சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது. நேர் அடியில நிக்கணும்னு அடிச்சா, போன பாலுக்குப் பின்னாலயே ஓடி இன்-ஆஃப் ஆகுது (ஒயிட்டும் பாக்கெட்டுல விழுது). கட் அடிச்சா நான் நினைச்சதைவிட ரொம்ப அகலமா திரும்புது.

ரெண்டாவது, சாயங்காலம், மழை நாள் மாதிரி நேரத்துல ஹாஃப்-பால் கட்டை (ஒயிட் எதிர் பாலோட பாதியை மறைச்சு மோதுற சாய்வு அடி) மெதுவா அடிச்சா பால் திக்கா (வேண்டிய அளவு திரும்பாம) போய் பாக்கெட் முனையில முட்டி நிக்குது. அதே அடியை மத்தியானம் ஏசியில அடிச்சா விழுது. குறி மாறுதா, டேபிள் மாறுதா?

மூணாவது ரூல். பிரேக் (ஆட்டத்தோட முதல் அடி) முடிஞ்சதும் எதிராளி புஷ்-அவுட் (ஒயிட்டை இஷ்டப்பட்ட இடத்துக்குத் தள்ளுற சலுகை அடி) சொன்னார், நான் "நீங்களே ஆடுங்க"ன்னேன், அப்படிச் சொல்லக் கூடாதுன்னார். அப்புறம் ஒயிட் ஒரு பாலை ஒட்டி நின்னுச்சு. ஸ்னூக்கர் மாதிரி விலக்கி அடிச்சா போதும்னு ஒருத்தர், அது ஃபவுல்னு இன்னொருத்தர். எது சரி?

---

பெரம்பூர் பேக்ஸ்பின்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், ரூலுக்கு ஆள் வருவாங்க.

இளவழகி, காசிமா மாதிரி கேரம் உலகச் சாம்பியன்கள் எல்லாம் வந்த ஏரியாவுல இருந்துட்டு உங்க குறியைப் பத்தி நான் பேசப் போறதில்ல. உங்களை ஏமாத்துறது எடை. கேரம் ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காயின் 5-ல இருந்து 5.5 கிராம். கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதனால காயினை முழுசா நேரா அடிச்சாக்கூட ஸ்ட்ரைக்கர் தன் வேகத்துல ஏறக்குறைய பாதியோட முன்னாடி போய்க்கிட்டே இருக்கும். எந்த இடத்துல தொட்டாலும் தன் பாதையை விட்டு சுமார் 20 டிகிரிக்கு மேல விலகாது. இத்தனை வருஷமா கண்ணு அந்தக் கணக்கைத்தான் பார்த்திருக்கு.

பூல்ல ஒயிட்டும் மத்த பாலும் ஒரே அளவு: 57.15 மி.மீ. விட்டம், 156-ல இருந்து 170 கிராம் எடை. எடை சமமா இருந்தா முழு அடியில வேகம் மொத்தமும் எதிர் பாலுக்குப் போயிடும், ஒயிட் அங்கேயே நிக்கணும். நிக்காம பின்னாலயே போச்சுன்னா அது மோதும்போது உருண்டுக்கிட்டு இருந்திருக்கு. ஸ்ட்ரைக்கர் பலகை மேல சறுக்குதே தவிர உருளாது, அதனால கேரம்ல இந்தத் தொல்லையே கிடையாது. ஒயிட்டை நட்ட நடுவுல அடிச்சாலும் முதல்ல கொஞ்ச தூரம் சறுக்கும், அப்புறம் துணி பிடிச்சு உருள வெச்சிடும். தூரத்து நேர் அடியில ஒயிட் இன்-ஆஃப் போறதுக்கு இதுதான் காரணம்.

மோதுற நொடியில ஒயிட்ல உருளலும் இல்ல, பின் சுழற்சியும் இல்லன்னா அதுதான் ஸ்டன். அப்போ நேர் அடியில நிக்கும். கட் அடியில, பால் போற திசைக்குச் சரியா 90 டிகிரியில ஒயிட் கிளம்பும். ஹாஃப்-பால் ஹிட்டை எடுத்துக்கோங்க: பால் 30 டிகிரி ஒரு பக்கம் போகும், ஸ்டன் ஆன ஒயிட் தன் பழைய பாதையில இருந்து 60 டிகிரி மறுபக்கம் போகும். அதே அடியில ஒயிட் நல்லா உருண்டு வந்து மோதினா விலகல் 30-35 டிகிரிதான். கால் பால்ல இருந்து முக்கால் பால் வரைக்கும் உருளுற ஒயிட்டோட விலகல் 30 டிகிரிக்குப் பக்கத்துலயே இருக்கும், பெருசா மாறாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நல்லா விரிச்சு ஒரு விரலை ஒயிட் வர்ற பாதை மேல வெச்சா, இன்னொரு விரல் ஒயிட் போகப் போற பாதை. டேபிள் ஓரத்துல நின்னு கையை நீட்டிப் பார்க்கிற ஆளுங்க இதைத்தான் அளக்குறாங்க.

பயிற்சி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மூலை பாக்கெட்டுக்கு நேரா ஒரு பால், அதே கோட்டுல ஒரு டயமண்ட் தள்ளி ஒயிட் (டயமண்ட்னா டேபிள் விளிம்புல இருக்குற அளவுப் புள்ளி; 9 அடி டேபிள்ல டயமண்டுக்கு டயமண்ட் 12.5 இன்ச்). நடு வேகத்துல, மையத்துக்கு மயிரிழை கீழே அடிச்சு ஒயிட்டை நிறுத்துங்க. நின்னா ரெண்டு டயமண்ட் தூரம், அப்புறம் மூணு, நாலு. தூரம் கூடக் கூட டிப்பை (க்யூ நுனியை) கீழே இறக்கணும். துணி தின்னுட்டு மிச்சம் பூஜ்யம் ஆகுற அளவுக்குப் பின் சுழற்சியைக் குடுத்து அனுப்புறீங்க, அவ்வளவுதான் விஷயம். நாலு டயமண்டுல அரை டிப்புக்கு மேல இறங்க வேண்டியிருக்கும். மையத்துல இருந்து 14 மி.மீ. தாண்டினா மிஸ்க்யூ (டிப் வழுக்குறது) நிச்சயம், அதைத் தொடாதீங்க. ஒயிட் முன்னால நகர்ந்தா இன்னும் கீழே, பின்னால வந்தா கொஞ்சம் மேலே. வேகத்தை மாத்தாம உயரத்தை மட்டும் மாத்துங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எதனால நின்னுச்சுன்னே தெரியாது.

இன்னொரு வித்தியாசம், எனக்கு இதுதான் பெருசாப் படுது. கேரம்ல ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வருது, பேஸ் லைன்ல வேண்டிய இடத்துல வெச்சுக்கலாம். பூல்ல ஒயிட் எங்க நின்னுச்சோ அங்கிருந்துதான் அடுத்த அடி. அதுவும் 9-பால்ல டேபிள்ல இருக்குறதுல குறைஞ்ச எண் பாலைத்தான் முதல்ல தொடணும். அதனால 1-ஐ அடிக்கும்போதே 2-ல இருந்து 3-க்கு எப்படிப் போறதுன்னு முடிவாகியிருக்கணும். கேரம்காரங்க எல்லா அடியும் நேரா கிடைக்கணும்னு பார்ப்பாங்க. இங்க நேரா கிடைச்சா ஒயிட் அந்தக் கோட்டுலயே முன்னும் பின்னும்தான் போகும், மாட்டிக்கிட்டீங்க. 15-ல இருந்து 30 டிகிரி கோணம் விட்டு நிறுத்துங்க, அதுவும் அடுத்த பாலுக்குப் போகச் சரியான பக்கத்துல. தப்பான பக்கத்துல ஒரு இன்ச் தாண்டி நின்னாலும் டேபிளைச் சுத்தி வரணும்.

2024 உலகச் சாம்பியன் ஃபெடோர் கோர்ஸ்ட் ஆடுறதை சத்தம் இல்லாம போட்டு, பால் விழுறதைப் பார்க்காம ஒயிட்டை மட்டும் பாருங்க. எந்தப் பக்கத்துல நிறுத்துறார்னு பிடிபடும்.

---

காலடிப்பேட்டை குஷன்

குறியும் மாறல, கண்ணும் மாறல. டேபிள்தான் மாறுது. மழைக்காலத்துல திருவொற்றியூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் ஏசி சரியா ஓடாத எந்த ஹாலுக்கும் இதே கதைதான்.

கட் அடியில ரெண்டு பாலும் உரசும். அந்த உரசல் அடிபடுற பாலை ஒயிட் போற திசைப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். இதுக்கு த்ரோன்னு பேரு. பால் மேல ஈரப்படலம், கை எண்ணெய், சாக் தூள் இருந்தா உரசல் கூடும். மெதுவா அடிச்சா கூடும். ஸ்டன்ல அதிகம், நல்லா உருண்டு வந்தா குறைவு. ஹாஃப்-பால் பக்கம்தான் உச்சம். அதாவது நீங்க சொன்ன அடி, நீங்க சொன்ன நேரம், நீங்க சொன்ன வேகம் மூணும் சேர்ந்து த்ரோவுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. கணக்குப் பாருங்க: 3 டிகிரி இழுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 5 செ.மீ. விலகும். மூலை பாக்கெட் வாய் 4.5 இன்ச், அதாவது 11.4 செ.மீ. பால் அகலத்தைக் கழிச்சா நடுவுல இருந்து பக்கத்துக்கு 3 செ.மீ. கூட மிச்சம் இல்ல. முட்டாம என்ன செய்யும்?

சரி பண்ண மூணு வழி. கொஞ்சம் மெல்லிசா குறி வைக்கலாம். இல்லன்னா அதே குறிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் குடுக்கலாம். மூணாவது வெளிப்பக்க சைடு, அதாவது ஒயிட்டைப் பக்கவாட்டுல அடிச்சுச் சுழல விடுறது: பால் இடது பக்கம் போகணும்னா ஒயிட்டோட வலது பக்கம். ஹாஃப்-பாலுக்கு மையத்துல இருந்து 6 மி.மீ. போதும், ஏறக்குறைய அரை டிப். அப்போ ரெண்டு பாலும் உரசாம பல்சக்கரம் மாதிரி உருண்டு விலகும், த்ரோ கிட்டத்தட்ட காணாமப் போயிடும். ஆனா வலது சைடு குடுத்தா ஒயிட் கிளம்பும்போதே இடது பக்கம் கொஞ்சம் விலகிப் போகும், அதுக்கும் சேர்த்துக் குறி வைக்கணும். அதனால டோர்னமென்டுக்கு முன்னாடி இந்த மூணாவதைத் தொடாதீங்க. முதல் ரெண்டும் போதும்.

பாலைக் கழுவச் சொல்லுங்க. வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு மென்மையான சோப்பு, நல்ல தண்ணியில அலசி மைக்ரோஃபைபர் துணியால முழுசாத் துடைக்கணும். ஈரத்தோட டேபிள்ல வெச்சா இருக்கறதையும் கெடுத்துடும். ஏசி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஓடணும். ஸ்லேட் ஜில்லுன்னு இருக்கும்போது கதவைத் திறந்து கடல் காத்தை உள்ள விட்டா துணி ஈரத்தைக் குடிச்சிடும், அப்புறம் வேகம் செத்துப் போகும். கேரம் பில்லியர்ட்ஸ் போட்டிகள்ல ஸ்லேட்டுக்கு அடியில சூடு போடுறாங்களே, ஈரத்தை ஓட்டத்தான். (நம்ம கேரம் இல்ல, பாக்கெட் இல்லாத டேபிள்ல மூணு பால் வெச்சு ஆடுற ஆட்டம்.)

துணி என்ன வகைன்னும் பாருங்க. ஸ்னூக்கர் மாதிரி மயிர் இருக்குற துணின்னா ஈரம் இன்னும் அதிகமா தெரியும், மெதுவா போற பால் கடைசியில மயிர்ப் போக்குல சாயும். டோர்னமென்ட் டேபிள்ல பெரும்பாலும் சிமோனிஸ் 860 மாதிரி மயிரில்லாத துணி இருக்கும், வேகமா ஓடும். ராயபுரம் வேகத்தை அங்க குடுத்தா ஒயிட் ரெண்டு குஷன் கூடப் போகும்.

அதனால வார்ம்-அப்புல பால் போட்டுக்கிட்டே இருக்காதீங்க. முதல்ல ஒயிட்டை மட்டும் ஒரு குட்டைக் குஷன்ல இருந்து எதிர் குஷனுக்கு அனுப்பித் திரும்பி வந்து நிக்கிற வேகத்தைப் பிடிங்க. அடுத்து மூலை பாக்கெட் வாயில ஒயிட்டை வெச்சு எதிர் நீளக் குஷன்ல 1.5-ம் டயமண்டைப் பார்த்து சைடு இல்லாம அடிங்க. கண்ணாடிக் கணக்குப்படி இந்தப் பக்கம் 3-ம் டயமண்டுக்கு வரணும். எங்க வருதோ அதுதான் அன்னிக்கு அந்த டேபிளோட கணக்கு. ஈரமான நாள்ல பெரும்பாலும் குறுகலாத்தான் திரும்பும்.

---

ராயபுரம் ரூல்புக்

விதிகளைப் பொறுத்தவரை உலக பூல் சங்கத்தின் விதிப்படி சொல்கிறேன். உள்ளூர்ப் போட்டிகளில் சிறு மாற்றங்கள் இருக்கலாம்.

புஷ்-அவுட் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும் இது உண்டு. ஆடுபவர் முன்கூட்டியே வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அது சாதாரண அடியாகவே கணக்கிடப்படும். அறிவித்த பிறகு, மிகக் குறைந்த எண் பாலை முதலில் தொட வேண்டும், குஷன் தொட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த அடிக்குக் கிடையாது. ஒயிட் பாக்கெட்டில் விழுந்தால் ஃபவுல்தான். 9 விழுந்தால் ஸ்பாட்டில் திரும்ப வைக்கப்படும். மற்றவை விழுந்தது விழுந்ததுதான். அடி முடிந்ததும் அந்த நிலையில் தான் ஆடுவதா, புஷ் செய்தவரையே ஆட வைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை எதிராளிக்கு. அதாவது உங்களுக்கு. புஷ்-அவுட்டின் சூதே அந்த உரிமையில்தான் இருக்கிறது: எதிராளி எடுக்கத் தயங்கும், ஆனால் புஷ் செய்பவருக்குக் கைவந்த ஓர் அடியை விட்டுவைப்பதுதான் நல்ல புஷ். கேரத்தில் டபுள் அடித்துப் பழகிய உங்களுக்குக் குஷன் அடி சுலபம் என்றால், பேங்க் (பாலைக் குஷனில் மோதவிட்டுப் போடும் அடி) மட்டுமே கிடைக்கும் இடத்துக்குத் தள்ளுங்கள்.

ஒட்டிய பால் குறித்து. ஸ்னூக்கரில் ஆட வேண்டிய பாலை ஒயிட் ஒட்டியிருந்தால் விலக்கி அடித்தாலே தொட்டதாகக் கணக்கு. பூலில் அப்படி இல்லை. விலக்கி அடித்தால் அந்தப் பாலைத் தொட்டதாக ஆகாது, ஆகவே வேறு வழியில் அதைத் தொடாவிட்டால் ஃபவுல். ஆனால் ஸ்னூக்கரில் செய்யக்கூடாத ஒன்றை இங்கே செய்யலாம்: அது ஆட வேண்டிய பாலாக இருந்தால் அதன் மேலேயே நேராக அடிக்கலாம், அது நகர்ந்தால் தொட்டதாகக் கணக்கு. ஒட்டியிருக்கிறது என்று நடுவரோ எதிராளியோ அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குவது ஆடுபவரின் பொறுப்பு. அறிவிக்காதவரை ஒட்டவில்லை என்றே பொருள்.

ஒட்டாமல் மயிரிழை இடைவெளி இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே நேராக அடித்தால் டிப் ஒயிட்டை இரண்டு முறை தொடும், ஃபவுல். மோதிய உடனே ஒயிட் அரைப் பால் தூரத்துக்கு மேல் பின்தொடர்ந்து ஓடினால் இரட்டை அடி நடந்ததாகவே பார்ப்பார்கள். குறுக்காக, மெல்லிய கட்டாக அடிப்பது பாதுகாப்பு.

குஷனை ஒட்டிய பாலும் சண்டைக்கு இடம் கொடுக்கும். ஒரு பால் குஷனை ஒட்டியிருப்பதாக அறிவிக்கப்பட்டிருந்தால், நீங்கள் அதை அடித்ததும் அது அதே குஷனிலேயே அழுந்தி நிற்பது குஷன் தொட்டதாகாது. அது குஷனை விட்டு விலகித் திரும்ப வர வேண்டும், அல்லது வேறு குஷனைத் தொட வேண்டும், அல்லது ஒயிட்டோ மற்றொரு பாலோ குஷனுக்குப் போக வேண்டும். பால் எதுவும் விழாத ஒவ்வொரு அடிக்கும் இந்தக் குஷன் நிபந்தனை உண்டு. கேரத்திலிருந்து வருபவர்கள் சேஃப்டி (எதிராளிக்கு வழியை அடைக்கும் தற்காப்பு அடி) ஆடும்போது அதிகம் மறப்பது இதைத்தான்: மெல்லத் தொட்டுவிட்டு ஒயிட்டை அப்படியே நிறுத்துவார்கள்; அது ஃபவுல், எதிராளிக்கு 'பால் இன் ஹேண்ட்' (ஒயிட்டை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம்).

தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக் தோல்வி. இரண்டில் இருக்கிறார் என்று எதிராளியை எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்காவிட்டால் மூன்றாவது, இரண்டாவதாகவே எண்ணப்படும். குருட்டு அதிர்ஷ்டத்தில் விழுந்த பால் 9-பாலில் செல்லும். 10-பாலில் செல்லாது, அங்கே அடியைச் சொல்லி ஆட வேண்டும்.

---

வியாசை ஸ்ட்ரைக்கர்

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. கையில இருக்குறது ஸ்னூக்கர் க்யூ, 9.5 மி.மீ. டிப். அதையே வெச்சு ஆடலாமா, லோ-டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட் (சைடு போட்டா ஒயிட் விலகுறதைக் குறைக்கிற க்யூ முன்பகுதி) வாங்கணுமா? பிரேக் எவ்வளவு பலமா அடிக்கணும்?

---

தண்டையார்பேட்டை டிப்

ஆடலாம், ரூல்ல தடை இல்ல. பிரேக் மட்டும் அதுல வேண்டாம். ஸ்னூக்கர் பால் 52.5 மி.மீ., எடையும் குறைவு. பூல் பாலை முழு பலத்துல அடிச்சா சின்ன டிப் காளான் மாதிரி விரிஞ்சிடும், ஃபெரூலும் (டிப்புக்கு அடியில இருக்குற வளையம்) தளரும். பிரேக்குக்கு ஹால்ல இருக்குற 12-13 மி.மீ. டிப் க்யூ ஒண்ணு எடுத்துக்கோங்க, டிப் கெட்டியா இருக்கணும்.

பலம் ரெண்டாம் பட்சம். 1-ம் பாலை முழுசா பிடிக்கணும், ஒயிட் டேபிள் நடுவுல நிக்கணும். பால் எதுவும் விழலைன்னா குறைஞ்சது நாலு பால் குஷனுக்குப் போயிருக்கணும், இல்லன்னா ஃபவுல். முக்கால் பலத்துலயே அது நடக்கும். முழு பலத்துல அடிச்சு ஒயிட் எகிறி வெளிய போறதுதான் புது ஆளுங்ககிட்ட அதிகம் நடக்குது. ரேக்ல (பிரேக்குக்கு அடுக்கி வெச்சிருக்கும்போது) பால் எல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கான்னு முன்னாடி போய்க் குனிஞ்சு பாருங்க. 1-க்குப் பின்னாடி இடைவெளி இருந்தா எவ்வளவு அடிச்சாலும் சிதறாது.

லோ-டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட் நல்ல பொருள்தான், எல்லாருக்கும் வாங்கச் சொல்வேன்.

---

பெரம்பூர் பேக்ஸ்பின்

டிப் அண்ணன் சொன்ன கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கல. சைடு போட்டா ஒயிட் எவ்வளவு விலகும்ங்கிறதைத்தான் அந்த ஷாஃப்ட் குறைக்கும். இவர் இன்னும் சைடே போடல, நேர் அடியில நிறுத்தக் கத்துக்கிட்டு இருக்கார். அந்தக் காசுக்கு டேபிள் நேரம் வாங்கலாம்.

---

காலடிப்பேட்டை குஷன்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. கேரம் ஆடிட்டு நேரா வந்தா கையைக் கழுவிட்டு டேபிள்கிட்ட போங்க. பலகையில போடுற பவுடர் விரல்ல இருந்து துணிக்கும் பாலுக்கும் ஏறும், ஈரத்தோட சேர்ந்தா பசை மாதிரி பிடிச்சுக்கும், அப்புறம் அந்த இடத்துல பால் போற போக்கே வேற. பிரிட்ஜ் கை (க்யூவைத் தாங்குற கை) வேர்த்தா பவுடர் போடாதீங்க, மூணு விரல் கிளவுஸ் போட்டுக்கோங்க. ஷாஃப்டை ஒவ்வொரு ரேக்குக்கும் நடுவுல காஞ்ச துணியால துடைங்க, ஈரத்துணி வேண்டாம். க்யூவை வெயில்ல நிக்கிற வண்டியில வெச்சிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, ஷாஃப்ட் வளைஞ்சிடும்.